ஒப்பீட்டுக்கு ஓர் இதயம்

தேவராஜ மார்க்கெட்டில் அவர் எந்தப் பொருளையும் ஒரே கடையில் வாங்கி நான் கண்டதில்லை. அரைக் கிலோ கத்தரிக்காய் வேண்டுமென்றால் ஒரு கடையில் கால் கிலோ, அடுத்த கடையில் கால் கிலோ. வீட்டில் இரண்டையும் தனித்தனிச் சட்டியில் வதக்கி, இரண்டிலும் ஒரு வாய் தின்ற பிறகே எது நல்ல காய் என்று சொல்வார். காப்பித்தூள், வெல்லம், மல்லிகைப்பூ எல்லாவற்றுக்கும் இதே முறை. "இவத்தூ ஜோடினா, டாக்டரம்மா?" என்று பூக்காரி கன்னடத்தில் கேலி செய்வாள், இன்றைக்கும் ஜோடிதானா என்று. "ஒண்ணை மட்டும் பாத்தா அது நல்லதா கெட்டதான்னு எப்படிங்க தெரியும்?" என்று இவர் கொள்ளேகாலத்துத் தமிழிலேயே பதில் சொல்வார். பூக்காரிக்கு அது புரிந்ததோ இல்லையோ, சிரித்துக்கொண்டே இன்னொரு முழம் அளப்பாள்.

மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையில் அவருக்கு 'ஜோடி டாக்டர்' என்று பெயர். அது தமக்குத் தெரியும் என்பதையும் அவர் மறைத்ததில்லை. சிறிய உருவம், தாழ்ந்த குரல். மண்டி மொஹல்லாவில் அவருடைய அண்ணன் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் இவர் வாழ்ந்தார். கையிலிருந்து, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் வாடை போகாது என்பதால் பிறர் வீடுகளில் ஸ்பூனால்தான் சாப்பிடுவார். யார் எதைச் சொன்னாலும், மழை அதிகம் என்றாலும், மாணவர்கள் கெட்டுவிட்டார்கள் என்றாலும், மருமகள் நல்லவள் என்றாலும், அவரிடமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: "எதோட வெச்சுப் பாத்துங்க சொல்றீங்க?"

இந்தக் கேள்வி அவருக்கு நண்பர்களைச் சேர்த்துத் தரவில்லை. எங்கள் விஜயநகர் தெருவில் ஒரு முதியவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "நல்ல சாவு, கொடுத்து வெச்சவர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவருக்கும் கேட்காத குரலில், "எதோட வெச்சு நல்ல சாவுங்கக்கா?" என்றார். கேலியாக அவர் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள்: "அந்த டாக்டரம்மா கண்ணாடிக்குள்ளயே பார்த்துப் பார்த்து மனுஷங்களையும் அப்படியே பார்க்கறாங்க. இனிமே சாவு வீட்டுக்கு அவங்களைக் கூட்டிட்டு வராதீங்க."

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்தேன். அவர் என்னைத் தேடி வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கணக்குக்காக. மாரடைப்பில் இறந்தவர்களின் இதயத் துண்டுகளை மெல்லிய சீவல்களாக்கி, அவற்றில் இறந்துகொண்டிருந்த உயிரணுக்களை எண்ணியிருந்தார். எனக்கு உயிரியல் தெரியாது. அவர் மேசைமேல் இருந்த இரண்டு காகிதங்களை எடுத்து, ஒன்றைக் கிழித்துத் துண்டுகளைச் சிதறவிட்டார். மற்றதைச் சிறிது சிறிதாக மடித்து உள்ளங்கைக்குள் அடக்கினார். உயிரணு இறப்பதற்கு இந்த இரண்டு வழிகள் உண்டு என்றார்.

இதயத் தசைக்கு இரத்தம் நின்றால் உயிரணு வீங்கி, சுவர் கிழிந்து, உள்ளிருப்பது வெளியே கொட்டும். கொட்டியதை அள்ள வெள்ளணுக்கள் திரண்டு வரும்; வந்த இடத்தில் அவை செய்யும் அமளியில் அக்கம்பக்கத்துத் தசையும் கெடும். அதுதான் அழற்சி. பாடநூல்கள் இதயத்துக்கு இந்த ஒரு சாவையே எழுதி வைத்திருந்தன. மற்றதில் அணு தன்னுள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் முறைப்படி சுருங்கி, தன் உட்கருவைத் தானே நறுக்கி, சிறு பொட்டலங்களாகப் பிரியும். அண்டை அணுக்கள் அவற்றை ஓசையின்றி விழுங்கிவிடும். உடலின் பல இடங்களில் நாள்தோறும் நடக்கும் இது இதயத்திலும் நடக்கிறது என்று அவர் ஐயுற்றார். மாரடைப்பில் செத்த திட்டின் நடுவில் கிழியும் சாவு; ஆனால் அந்தத் திட்டின் விளிம்பில், இரத்தம் திரும்பி வந்த பிறகும், அழற்சி அனுப்பும் சேதியைக் கேட்டு மடங்கும் சாவு நாள்கணக்காகத் தொடர்கிறது. பிழைத்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் இதயம் பிறகு மெல்ல மெல்லத் தளர்வது இதனாலும் இருக்கலாம்.

"தானா கிழியறதை யாரும் நிறுத்த முடியாதுங்க சார்," என்றார். "ஆனா சேதி கேட்டுச் சாகுதுன்னா, சேதியை மறிக்க ஒரு வழி இருக்கோணுமில்லீங்களா?"

அவருடைய நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மாணவர்கள் இந்த மடங்கும் சாவைத் தற்கொலை என்றும் தியாகம் என்றும் விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் குறைப்பார். "அதுக்கு மனசு இருக்குதுங்களா, தியாகம் பண்ண?"

நான் எண்களைப் பார்த்துவிட்டு, "நோயில்லாத இதயத்தில் இந்த எண்ணிக்கை எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஊரையெல்லாம் நான் கேக்கற கேள்விங்க. என்னைக் கேட்டது நீங்கதான்."

நோயில்லாத இதயத்துக்கு எங்கே போவது? நோயில்லாதவர்கள் இறப்பதில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வரையறை செய்தோம். விபத்தில் உடனடியாக இறந்தவர், இளையவர், இதயநோய் இருந்ததாக வீட்டார் சொல்லாதவர். அவருடைய இதயம் நலமானது. எவ்வளவு எளிதாக அதை முடிவு செய்தோம் என்று இப்போது வியப்பாக இருக்கிறது. காப்பி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது.

அப்படிப்பட்ட இதயம் கிடைப்பதும் கடினமாக இருந்தது. உடற்கூறாய்வுக்கு வரும் உடல்கள் காவல்துறையின் காகிதங்களுக்காகக் காத்துக் கிடக்கும். காத்துக் கிடந்த திசு தானாகவே சிதையத் தொடங்கும். உட்கரு நறுக்கப்பட்ட அணுக்களைப் பழுப்பாகக் காட்டும் ஒரு சாயத்தை அவர் வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் தருவித்திருந்தார். அந்தச் சாயம் மடிந்து இறந்த அணுவையும் பழுப்பாக்கும், வெறுமனே அழுகிய அணுவையும் பழுப்பாக்கும். சீவல்களை ஒட்டிய முதல் தொகுதிக் கண்ணாடித் தகடுகள் விளிம்பெங்கும் பழுப்பாக வந்தபோது துறையே மகிழ்ந்தது. தலைவர் மைசூர்பாகு தருவித்தார். இவர் மட்டும் பெட்டியைத் திறக்காமல், பிணவறை ஊழியரிடம் போய், அந்த உடல்கள் எவ்வளவு நேரம் கிடந்தன என்று விசாரித்தார். திரும்பி வந்து தகடுகள் அனைத்தையும் குப்பையில் போட்டார்.

"ஒரு வருஷத்து வேலையம்மா," என்று தலைவர் கத்தியிருக்கிறார். "ஸ்வீட்டாவது சாப்பிடுங்கள்."

"ஸ்வீட்டு நல்லாத்தாங்க சார் இருக்கும். வேற கடையிலயும் ஒரு கால் கிலோ வாங்கியிருக்கலாம்."

இதை எனக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

என் மகன் ஹுணசூர் சாலையில், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில், எதிரே காய்கறி ஏற்றி வந்த டெம்போவில் மோதி இறந்தான். தொழிற்சாலையில் சேர்ந்து ஓராண்டு முடிந்திருக்கவில்லை. டெம்போ ஓட்டுநரைக் காவலர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். மகனின் வண்டி தானாகத் தன் பக்கம் வந்ததாக அவர் சொன்னார் என்றார்கள். எல்லா ஓட்டுநர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்றும் சொன்னார்கள்.

பிணவறைக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு. நானும் என் மனைவியும் அதில் இருந்தோம். டாக்டர் தம் துறையிலிருந்து வெயிலில் நடந்து வந்தார். என்னைக் கடந்துபோய் என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கோணும். இப்பக் கேக்கறது தப்பு. அப்புறம் கேட்டாப் பிரயோசனம் இல்லீங்க."

என் மனைவி அவரைப் பார்த்தாள்.

"போலீஸ் கேஸு, எப்படியும் உள்ள அறுப்பாங்க. இதயத்துல ஒரு விரல் நுனியளவு எனக்கு வேணுங்க. நோயில்லாத இதயம் எப்படி இருக்கும்னு பாக்கோணும். அதை வெச்சுத்தான் மத்ததைச் சொல்ல முடியும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

நான் மறுத்துவிடுவேன் என்று எண்ணினேன். மறுக்கவில்லை. அந்தக் கேள்வியின் நியாயத்தை அந்த ஊரில் அறிந்திருந்த இன்னொருவன் நான்தான்.

"அவனுக்கு உடம்புல ஒரு குறையும் கிடையாது டாக்டர்," என்றாள் என் மனைவி. "எடுத்துக்குங்க."

ஒப்புதலில் இருந்தது என் கையெழுத்து. கொடுத்தவள் அவள்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு முற்பகலில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காப்பியை முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், உங்க பையனோட இதயம் ஒப்பிட ஆகாதுங்க."

"எடுப்பதற்குள் நேரமாகிவிட்டதா?"

"இல்லீங்க. நானே நின்னு எடுத்தேன், உடனே ஃபார்மலின்ல போட்டேன். அதுல அழற்சி இருக்குங்க. தசை நாருக்கு நடுவுல வெள்ளணு கும்பல் கும்பலா நிக்குது. அதைச் சுத்தி நான் தேடிட்டிருந்த சாவும் இருக்குது. காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சுங்களா, அதுக்கு முன்னாடி?"

என் மனைவி கதவருகில் நின்றிருந்தாள். "வந்துச்சு. ரெண்டு மாத்திரை போட்டுட்டுச் சரியாப் போச்சுன்னான். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதும்மான்னான். வண்டியிலயே சுத்தினா அப்படித்தான்னு நான் திட்டினேன்."

"அந்தக் காய்ச்சல் இதயத்தையும் தொட்டிருக்குங்க. நெறையப் பேருக்குத் தொடும், தெரியாமலே ஆறிப் போயிடும்."

எங்கள் வரையறை என்ன ஆனது என்பது எனக்கு உடனே விளங்கியது. இறந்த விதத்தைப் பார்த்து இதயத்தின் நலத்தை முடிவு செய்திருந்தோம். விபத்தில் சிக்குவதற்கே அந்த இதயம் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அறிந்துகொண்டதை அவரும் அறிந்தார்.

"அப்ப அந்த டெம்போக்காரன்?" என்றாள் என் மனைவி.

"தெரியாதுங்கக்கா. இப்படி இருந்தா சில பேருக்கு இதயம் திடீர்னு தாளம் தப்பும், கண்ணு இருண்டு போகும். அன்னைக்கு அப்படி ஆச்சா, இல்ல அவர்தான் வந்து மோதினாரா? இந்தக் கண்ணாடி அதைச் சொல்லாது."

"சொல்லாத கண்ணாடியை எதுக்கு எங்க வீட்டுக்குச் சுமந்துட்டு வந்தீங்க?"

"கேஸு நடக்குதுங்க. இது தெரிஞ்சா கோர்ட்டு வேற மாதிரி பாக்கும். ஆனா நீங்க குடுத்தது ஆராய்ச்சிக்கு. நீங்க சொல்லாம நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன். கூண்டுல ஏத்திக் கேட்டா மட்டும் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"அவன் ஜெயிலுக்குப் போகட்டும்," என்றாள் என் மனைவி.

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அதன்பின் எங்கள் வீட்டில் அவருடைய பெயர் பேசப்படவில்லை. ஓட்டுநரைப் பற்றி என் மனைவி ஓயாமல் பேசினாள். அவன் குடித்திருப்பான் என்றாள்; தூங்கியிருப்பான் என்றாள்; அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும், அப்போது தெரியும் என்றாள். சமைக்கும்போதும் அவனோடு தகராறு செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில், "எனக்கு அதைக் காட்டச் சொல்லுங்க," என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை.

நோயியல் துறையில் சன்னலோரம் நுண்ணோக்கி இருந்தது. அவர் என் மனைவியை உட்கார வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, குமிழைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரோஸ் கலர்ல நீளநீளமா ஓடறது அவரோட தசைங்கக்கா."

"நீலமா அப்பிக்கிட்டிருக்கே?"

"அதுதான் வெள்ளணு. சாயத்துல நீலமாத் தெரியும். பக்கத்துல சுருங்கி, தனியா ஒதுங்கி நிக்குது பாருங்க, அது சாகற தசை."

"யாரு சொல்லிச் சாகுது?"

"அந்த வெள்ளணு குடுக்கற சேதியிலங்க. சேதி வந்ததும் தசைக்குள்ள இருக்கற, தன்னையே நறுக்கற கத்தரி வேலை செய்ய ஆரம்பிச்சுடும்."

"அதுங்க யாரு? வெளியிலேர்ந்து வந்ததா?"

"இல்லீங்க. வெளியிலேர்ந்து வந்த கிருமி அப்பவே போயிருக்கும். அதைத் துரத்த வந்ததுங்க இது. இதுவும் உங்க பையனோடதுதான். கத்தரியும் அவரோடதுதான்."

என் மனைவி தலையை எடுக்கவில்லை. நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு பார்த்தபடியே கேட்டாள்: "நல்லா இருக்கற ஒண்ணைக் காட்டுங்க டாக்டர். அப்பத்தானே எனக்குத் தெரியும், இவனுது எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு."

அவர் மேசைமேலிருந்த தகட்டுப் பெட்டியைத் தொட்டார். திறக்கவில்லை.

"என்கிட்ட இல்லீங்கக்கா," என்றார். "உங்க பையனோடது அதுவா இருக்கும்னு நெனச்சிருந்தேன்."

அவருடைய குரல் மாறி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அவருக்கு ஏற்ற இதயங்கள் பிறகும் போதிய அளவில் கிடைக்கவில்லை. ஆய்வு அச்சேறவே இல்லை. வேறு நாடுகளில், வேறு மனிதர்கள் அந்த விளிம்பைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, அந்தக் கட்டுரைகளை நகலெடுத்து எனக்கு அனுப்பிவைப்பார்; ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். அவர் இறந்தும் இப்போது பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற தை மாதத்தில் என் மனைவியும் போனாள்.

நுண்ணோக்கியில் பார்த்துவந்த மறுநாள், கீரை ஆய்ந்துகொண்டே அவள் சொன்னாள்: "அனுப்பச் சொல்லுங்க. எந்நேரமும் அந்த டெம்போக்காரனையே நெனச்சிட்டிருக்கேன். எனக்கு என் பிள்ளையை நெனக்கணும்."

அறிக்கை நீதிமன்றத்துக்குப் போயிற்று. வழக்கு வழக்கம்போல் இழுத்தது. விசாரணை நாளில் ஓட்டுநரின் வக்கீல் டாக்டரைக் கூண்டில் ஏற்றி, மோதுவதற்கு முன்பே இளைஞன் நினைவிழந்திருக்கக்கூடும் அல்லவா என்று கேட்டார். இருக்கக்கூடும் என்றார். அப்படியானால் அதுதான் நடந்தது என்று சொல்லலாமா என்று வக்கீல் கேட்டார். சொல்ல முடியாது என்றார். அரசு வக்கீல் எழுந்து, அப்படியானால் இதயம் நன்றாக இயங்கிக்கொண்டிருந்தது என்று கொள்ளலாமா என்றார். அதையும் சொல்ல முடியாது என்றார். இரு தரப்புக்கும் அவர்மேல் எரிச்சல். சந்தேகத்தின் பலனை அளித்து ஓட்டுநரை விடுவித்தார்கள்.

தீர்ப்பன்று டாக்டரும் வந்திருந்தார். வெளியே படிக்கட்டில் ஓட்டுநர் அவருடைய காலைத் தொடக் குனிந்தார். ஹனூர்ப் பக்கத்து ஆள், தமிழ் பேசுபவர். இவர் பின்னால் நகர்ந்தார்.

"நான் உங்களைக் காப்பாத்தலீங்க. தெரியாதுன்னுதான் சொன்னேன். எந்திரிங்க."

ஓட்டுநர் நிமிர்ந்தபோது என் மனைவி அவர் எதிரே நின்றாள். அவர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "அவன் உன்னைப் பார்த்தானா?"

"இல்லீங்கம்மா. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. நான் ஹாரன் அடிச்சேன், லைட் போட்டேன், ஓரத்துக்கு ஒடிச்சேன். அவரு பாக்கவே இல்லீங்க. கை ஹேண்டில்ல சும்மா கெடந்துச்சு."

"பயந்தானா?"

"பயந்த மூஞ்சி எனக்குத் தெரியாதுங்களாம்மா, இத்தனை வருசம் ஓட்டறேன். பயப்படலீங்க."

என் மனைவி டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். "நிஜமா டாக்டர்?"

"அவர் பாத்ததை அவர் சொல்றாருங்க," என்றார் அவர். "எனக்குத் தெரியாதுங்கக்கா."

"போதும்," என்றாள் என் மனைவி.

விடுதலைக்காகப் பொய் சொல்லக்கூடியவர் விடுதலை கிடைத்த பிறகும் சொல்லலாம். ஒரு தாயின் முகத்தைப் பார்த்து எவரும் சொல்லலாம். ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை கண்டதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வரலாகாது என்று பணிக்காலம் முழுவதும் வகுப்பில் சொல்லிவந்தவன் நான். படிகளில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, அவன் பயப்படவில்லை என்ற அந்த ஒன்றை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.